துக்கம் என்று எழுதுவதற்கு முன்

1

சென்ற செவ்வாய்க்கிழமை, நான் மருத்துவராக இருக்கும் பிரிட்டிஷ் மருத்துவமனை வார்டில், ஒரு முதியவரின் நோய்க் குறிப்பேட்டில், இறுதியாண்டு மாணவன் ஒருவன் 'துக்கம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தான். முதியவருக்கு வயது எழுபத்தெட்டு. இந்த ஊர்க் கம்பளி ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். மனைவி இறந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, பேச்சும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இரத்தச் சர்க்கரை எவ்வளவு?" என்று மாணவனைக் கேட்டேன். பார்க்கவில்லை என்றான். உடல் சூடு, சோடியம், தைராய்டு எதுவும் பார்க்கப்படவில்லை. சிறுநீர் கட்டியிருக்கிறதா என்று அடிவயிற்றைத் தட்டிப் பார்க்கவில்லை. அண்மையில் விழுந்து தலையில் அடிபட்டதா, என்னென்ன மாத்திரை விழுங்குகிறார் என்ற கேள்விகளும் கேட்கப்படவில்லை. மனைவி இறந்த செய்தி கேள்வித்தாளிலேயே விடையையும் அச்சடித்துக் கொடுத்ததுபோல் அவனுக்கு அமைந்துவிட்டது.

எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். மாலைக்குள் முடிவுகள் வந்தன. ஒன்றிலும் குறை இல்லை. அந்த முதியவருக்கு இருந்தது துக்கம்தான். மாணவன் எழுதியதன் கீழே நானும் அதே சொல்லை எழுதிக் கையொப்பமிட்டேன்.

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். "அப்படியானால் நான் எழுதியது சரிதானே, சார்?"

"நீ எழுதியது சரி. எழுதும்போது அது சரி என்று உனக்குத் தெரியாது."

இதற்கு மேல் அவனிடம் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் என்னைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும். வார்டில் நான் அதைச் செய்வதில்லை. அங்கே சொல்லாததைத் திருநெல்வேலி ஊர் இதழுக்கு எழுதுகிறேன். இதை வாசிப்பவர்களில் மருத்துவ மாணவர்கள் சிலரும், அவர்களைப் பெற்றவர்கள் பலரும் இருப்பார்கள் என்று தெரியும்.

2

என் மனைவி காந்திமதி சென்ற ஆண்டு தை மாதத்தில் இறந்தாள். சூலகத்தில் புற்றுநோய். ஐப்பசியில் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது.

முதல் ஆண்டுத் திதிக்குத் திருநெல்வேலி போக விடுப்புக் கேட்டு மருத்துவமனை அலுவலகத்துக்குப் போனேன். நேரிய உள்ளம் கொண்ட ஓர் எழுத்தர் அம்மாள் படிவத்தை எடுத்தார். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார், சொன்னேன். இறந்த நாளைக் கேட்டார், சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார். இறப்புக்கான விடுப்பு இறந்த வாரத்துக்குத்தான். ஓராண்டு கழித்து வரும் இறப்புக்கு அவரிடம் படிவம் இல்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, "விடுமுறைச் சுற்றுலா என்று போட்டுவிடட்டுமா, டாக்டர்?" என்றார். போடுங்கள் என்றேன். விசாவுக்குப் போன இடத்திலும் அதுதான் நடந்தது. வண்ணார்பேட்டையில் பிறந்து, பாளையங்கோட்டையில் மருத்துவம் படித்தவன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு ஒரு மாதத்துக்கு மிகாத சுற்றுலாப் பயணியாக மனைவியின் திதிக்குப் புறப்பட்டேன்.

திதி கொடுக்க வேண்டியவன் மகன். எங்களுக்கு இருப்பது ஒரே மகள், ஆகவே அது என் பொறுப்பாயிற்று. மீனா லண்டனில் வழக்கறிஞராக இருக்கிறாள், இங்கேயே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது அவளுடைய அம்மா மட்டுமே. ஆகவே அவள் பேசுவது காந்திமதி எழுபதுகளில் ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ். இன்று வண்ணார்பேட்டையில் அவள் வயதுப் பெண்கள்கூட அப்படிப் பேசுவதில்லை. அந்தத் தமிழில்தான் அவள் என்மேல் குற்றம் சாட்டினாள். தகனம் முடிந்த மறுநாள், சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியேப்பா நீங்க. வந்தவங்களுக்கெல்லாம் சேரு எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தீக. வார்டுல ரவுண்ட்ஸ் போற மாதிரி."

  அவள் மறுநாள் லண்டன் போனாள். ஓராண்டாக வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள். உடம்பு எப்படி, கார் ஓடுகிறதா, மழையா. இதே மூன்று கேள்விகளை வழியில் சந்திக்கும் எவரும் என்னிடம் கேட்பார்கள்.

நான் அழாதவன் என்பது உண்மை. அதற்கு நான் பெருமைப்பட்டதில்லை, வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் அவள் அதை வைத்து என்ன முடிவுக்கு வந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் திருத்துவதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லாமல் இருந்தது.

3

எனக்குப் பதினோரு ஆண்டாகச் சர்க்கரை நோய் உண்டு. காலை ஒன்று, இரவு ஒன்று என்று கிளிபென்கிளமைடு மாத்திரை. இரத்த அழுத்தத்துக்கு அடினலால். சிறுநீரகங்கள் வயதுக்கு ஏற்ற அளவில் சற்றே தளர்ந்திருக்கின்றன. இந்த மூன்றையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். அடுத்து நடந்த அனைத்தும் இவற்றுக்குள் இருக்கிறது.

கிளிபென்கிளமைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும் மருந்து. நோயாளி சாப்பிட்டாரா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அது ஒரு நாளுக்கு மேலும் தங்கி வேலை செய்யும். சர்க்கரை தாழும்போது உடம்பு எச்சரிக்கை விடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். அடினலால் வகை மருந்து படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது.

இதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். எங்கள் நகரில் ஆலை வேலைக்கு வந்த பாகிஸ்தானியரும் வங்காளிகளும் ஏராளம். ரமலான் வருமுன் அவர்களுக்கு மாத்திரை நேரத்தை மாற்றி எழுதிக் கொடுப்பது என் வழக்கமான வேலைகளில் ஒன்று.

திதிக்கு முதல் நாள் மதியம் ஒரு வேளைச் சோறு. இரவில் பலகாரம் சாப்பிடலாம், அது வழக்கம்தான். வண்ணார்பேட்டையில் காந்திமதியின் தம்பி சிவராமன் வீட்டில் தங்கியிருந்தேன். அவன் மனைவி இட்லி எடுத்து வந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன்.

காலையில் குருக்கள் வந்தார். எழுபது வயதிருக்கும், கலகலப்பான மனிதர்.

"காப்பி வேண்டாம் கேட்டேளா. பிண்டம் கரைக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணிதான். மாத்திரை உண்டுன்னா போட்டுக்கோங்கோ. மருந்துக்குத் தோஷமில்லே."

எங்கள் பக்கத்தில் நோன்பிருப்பவர் எவரும் இப்படித்தான் சொல்வார்கள், இப்படித்தான் செய்வார்கள். மருந்து உணவாகாது, ஆகவே நோன்பு கெடாது. இந்தத் தருக்கத்தில் பிழையே இல்லை. நோன்பு கெடாது, உயிர்தான் கெடும். ரமலானுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கும் நான், குருக்கள் சொல்லி முடிக்குமுன் டப்பாவைத் திறந்து சர்க்கரைக்கும் அழுத்தத்துக்குமான இரண்டு மாத்திரையையும் விழுங்கித் தண்ணீர் குடித்தேன். என் இடத்தில் ரமலான் நோன்புக்காரர் ஒருவர் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். என் வீட்டு நோன்பு எனக்கு நோன்பாகவே தோன்றவில்லை. அது திதி.

4

படித்துறையில் முதல் அரைமணி நேரம் எனக்கு நினைவிருக்கிறது. தை மாத ஆறு. வெயில் ஏறியும் குளிர் விடவில்லை. ஈர வேட்டியோடு கிழக்கு நோக்கி உட்கார்ந்தேன். தர்ப்பை மோதிரம் போட்டார்கள். குருக்கள் காந்திமதியின் பெயரை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

நினைவு தப்பியவனின் நோய் வரலாற்றை அவனிடம் கேட்காதே, பக்கத்தில் நின்று பார்த்தவனிடம் கேள். மருத்துவத்தில் இது பாலபாடம். ஆகவே இனி எழுதுவது சிவராமன் சொன்னது. அன்று மாலையில் அவனை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வைத்துக் கேட்டேன்.

முதலில் நான் குருக்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். மந்திரத்தை வேகமாகச் சொல்கிறார் என்று கடிந்திருக்கிறேன். பிறகு குரலை மாற்றி, ஆங்கிலத்தில், அவரை நாக்கை நீட்டச் சொல்லியிருக்கிறேன்.

"நீட்டினாரா?" என்று சிவராமனைக் கேட்டேன்.

"நீட்டிட்டாரே அத்தான். நீங்க சொன்ன தோரணை அப்படி. நல்லா பாத்துட்டு, இரத்தம் கம்மின்னு வேற சொன்னீங்க."

பிறகு அழுதிருக்கிறேன். சத்தமாக, தோள் குலுங்க, பிண்டத்துக்கு வைத்திருந்த எள்ளும் தண்ணீரும் சிதறும்படி. சிவராமன் எழுந்து வந்து பிடிக்கப் போயிருக்கிறான். பக்கத்துப் படியில் வேறொரு திதிக்கு வந்திருந்த பெரியவர் அவன் கையைத் தடுத்திருக்கிறார்.

"விடுவே. மறிக்காதே. வருசம் முழுக்க நெஞ்சுல கட்டி வச்சிருந்திருக்காக. அழுது தீரட்டும்."

படித்துறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது. சாவுக்கு அழாதவன் திதிக்கு அழுகிறான், அதில் குறுக்கே போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை. விலகி நின்று, சிலர் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை அழவிட்டிருக்கிறார்கள். இன்னும் பத்து நிமிடம் அந்த மரியாதை நீடித்திருந்தால் நான் மயங்கி, வலிப்பு வந்து, ஆற்றில் சரிந்திருப்பேன். காந்திமதிக்குத் திதி கொடுக்கப் போனவனுக்கு மறுவருடம் திதி கொடுக்க ஆள் தேடியிருப்பார்கள்.

கவனித்தவர் சமையல்காரர். சங்கரபாண்டி அண்ணாச்சி என்று எல்லாரும் அழைப்பார்கள். பிண்டத்துக்குச் சோறு வடித்துப் பானையோடு வந்திருந்தார். பானையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றவர் சிவராமனிடம் வந்தார்.

"அண்ணாச்சி, உங்க அத்தானுக்குச் சீனி வியாதி உண்டா?"

"உண்டு. ஏன்?"

"அழுதா கண்ணுல தண்ணி வரும். முதுகுல எதுக்கு வருது? தை மாசக் குளுருல இப்படியா வேர்க்கும்? எனக்கும் போன வைகாசியில இதே கூத்து. கல்யாண வீட்டுல முதலாளியப் பாத்து ஏலேன்னு சொல்லிப் போட்டேன். நாலு பேரு அடிக்க வந்தான். நல்லவேளை, எம்பொண்டாட்டி வாயில சீனியப் போட்டா."

சொல்லிக்கொண்டே பிண்டத்துக்கென்று தட்டில் வைத்திருந்த வெல்லத்தையும் தேனையும் எடுத்திருக்கிறார். சடங்கு முடியவில்லையே என்று சிவராமன் தயங்கி, குருக்களைப் பார்த்திருக்கிறான்.

"அவரை என்ன பாக்கீங்க?" என்றிருக்கிறார் சங்கரபாண்டி. "அம்மாவுக்குன்னு கொண்டாந்ததுதான். அவுக புருசனுக்குக் குடுத்தா அவுக கோவிச்சுக்கிடுவாகளா?"

நான் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பியிருக்கிறேன். சர்க்கரை தாழ்ந்தவன் சர்க்கரையை மறுப்பான், அதுவும் நோயின் குணம். சங்கரபாண்டி விடவில்லை. விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு துளி தேனை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். விழுங்கியதைக் கண்ட பிறகே தண்ணீரில் கரைத்த வெல்லத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்திருக்கிறார். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழாயில் இறங்கும் என்பதை மாணவர்களுக்கு நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

குருக்கள் தர்ப்பை மோதிரத்தை என் விரலிலிருந்து கழற்றிச் சிவராமன் விரலில் போட்டிருக்கிறார். தம்பி அக்காளுக்குச் செய்யலாம் என்றிருக்கிறார். மீதியைச் சிவராமன் செய்து முடித்தான். சங்கரபாண்டி என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

5

மருத்துவமனையில் கண் விழித்தபோது கையில் ஊசி இருந்தது, கட்டிலருகே ஒரு பெண் இருந்தாள். பயிற்சி மருத்துவர். திசையன்விளைப் பக்கத்துப் பெண் என்று பின்னால் தெரிந்தது. வந்து சேரும்போது என் சர்க்கரை முப்பத்தெட்டு, எழுபதுக்குக் கீழே போகவே கூடாதது. வெல்லத் தண்ணீர் குடித்த பிறகும் அவ்வளவுதான். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய ஐந்தாவது நிமிடத்தில் பேசிவிட்டேனாம். அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அளந்த சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி விலக வேண்டும். மூன்றும் கூடினால்தான் நோய் உறுதி. மூன்றும் கூடின.

மதியம் ஒரு மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்து, தெளிவான ஆங்கிலத்தில், குழாயைக் கழற்றச் சொன்னேன். நான் யார், எத்தனை ஆண்டு அனுபவம், எனக்கு இப்போது எதுவும் இல்லை, வீட்டில் திதிச் சாப்பாடு காத்திருக்கிறது என்பதை எல்லாம் வரிசைப்படுத்திச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். தமிழில் பதில் சொன்னாள்.

"இருங்க சார். என்ன மாத்திரை?"

சொன்னேன்.

"கடைசியா எப்ப போட்டீங்க?"

"இன்று காலை ஏழு மணி."

"கிட்னி எப்படி இருக்கு?"

சற்றே தளர்வு என்றேன்.

"இதே மாத்திர, இதே கிட்னி, உங்க வார்டுல ஒரு பேஷண்ட்டு. குளுக்கோஸ் ஏத்தி முழிச்சிட்டாரு. வீட்டுக்கு விடுவீங்களா?"

"விடமாட்டேன்."

"அப்ப படுங்க சார்."

மூன்று மணிக்கு மறுபடி அளந்தாள். ஐம்பத்திரண்டு. குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் திதிச் சாப்பாட்டின் மயக்கம் என்று மதியத் தூக்கத்தில் விட்டிருப்பார்கள். மறுநாள் மாலை வரை என்னை விடவில்லை. இந்த மருந்தால் சர்க்கரை தாழ்ந்தவரை, விழித்துவிட்டார் என்பதற்காக அனுப்பக் கூடாது. என் ஊர் மருத்துவக் கல்வியைப் பற்றி இங்கே யாராவது ஐயம் தெரிவித்தால் நான் இனிமேல் வாதாட மாட்டேன். அந்தப் பெண்ணின் நான்கு கேள்விகளைச் சொல்வேன்.

அன்று மாலை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார் சங்கரபாண்டி. "லண்டன் டாக்டருக்கு வைத்தியம் பாத்த மொத சமையக்காரன் நான்தான்வே" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சிவராமனிடம் சொன்னார். நான் லண்டனில் இல்லை என்பதைத் திருத்தவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் சிவராமனை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சண்டை, நாக்கு, அழுகை, பெரியவர், வியர்வை. கோவையாகச் சொன்னான். ஆனால் வரலாறு கேட்டே பழகியவனுக்கு, சொல்பவர் எங்கே தாண்டிக் குதிக்கிறார் என்பது தெரியும். அழுகையிலிருந்து நேரே பெரியவருக்குப் போனான்.

"அழும்போது என்ன சொன்னேன்?"

"என்னத்தையாவது சொன்னீக. அந்த நேரத்துல என்ன தெரியும் அத்தான்."

"சிவராமா. சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "வயித்துல கைய வச்சுப் பாக்கலியே, ஒரு தடவகூட பாக்கலியேன்னு. அதையேதான் திரும்பத் திரும்ப. எனக்குப் புரியல. மீனாவுக்குப் போன் பண்ணும்போது இத நான் சொல்லல அத்தான். அப்பா அழுதாகன்னு மட்டும்தான் சொன்னேன்."

அவனுக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது.

நோயைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆவணி மாதத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, காந்திமதி வயிறு உப்பினாற்போல் இருக்கிறது என்றாள். இரவில் சோற்றைக் குறைத்து நடந்து வா என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி சொன்னாள். குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொள் என்றேன். வீட்டாருக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று இந்த நாட்டில் ஒரு விதி உண்டு. நல்ல விதி. அதன் பின்னால் நான் வசதியாக நின்றுகொண்டேன். அதே வாரத்தில் வார்டில் மாணவர்களைக் கட்டிலருகே முழங்காலிட வைத்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, நோயாளியின் வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு தொட்டுணரக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதைக் கடந்த பெண்ணுக்குப் புதிதாக வயிறு உப்பி, அது விலகாமல் நீடித்தால், வாயு என்று சொல்லுமுன் சூலகத்தை நினை என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு.

ஆவணியில் கை வைத்துப் பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? அந்த நோயைப் பற்றி அறிந்தவன் என்ற முறையில், பெரும்பாலும் இல்லை என்றே சொல்வேன். இதை எனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பிழைப்பாளா என்பது வேறு கேள்வி. அவள் இரண்டு முறை சொன்னாள். நான் பார்க்கவில்லை.

6

ஊரிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மீனா பேசினாள். வழக்கமான மூன்று கேள்விகளும் வரவில்லை.

"மாமா சொன்னாகப்பா. ஆத்தங்கரையில நீங்க அழுதீகளாமே." குரல் ஓராண்டாக நான் கேட்காத குரலாக இருந்தது. "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு இல்லாதிருந்த சான்று, கேட்காமலே வந்து சேர்ந்திருந்தது. ஒரு சொல்லும் நான் பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும், மகள் திரும்பி வந்துவிடுவாள். அரை நிமிடம் பேசாமல்தான் இருந்தேன்.

பிறகு சொன்னேன். நோன்பு, மாத்திரை, முப்பத்தெட்டு. சர்க்கரை தாழ்ந்தவர்கள் அழுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், நான் மூன்றில் இரண்டைச் செய்தேன், குருக்களின் நாக்கையும் பார்த்தேன் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப அதுவும் சர்க்கரதானா" என்றாள். பழைய குரல் திரும்பிவிட்டது.

"அழுகை சர்க்கரை. அழும்போது ஒன்று சொன்னேன். மாமா உன்னிடம் அதைச் சொல்லவில்லை."

சொன்னேன். ஆவணி, சோற்றைக் குறைக்கச் சொன்னது, இரண்டாம் முறை, விதி, வார்டு. நோயாளியின் வரலாற்றைச் சக மருத்துவருக்குச் சொல்வதுபோல், விடாமல், கூட்டாமல் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

"அது சர்க்கரை இல்லை, மீனா. சர்க்கரை சரியாக இருக்கும்போதும் அது எனக்குத் தெரிந்ததுதான். சொல்லாமல் இருந்தேன்."

 

"அம்மா எங்கிட்டயும் சொன்னாகப்பா" என்றாள். "போன்ல. பாவாட நாடா வயித்த அறுக்குது மீனா, ஒரே மாசத்துல இவ்வளவு பெருத்துட்டேனேன்னு. நான் சிரிச்சேன். தளத்திக் கட்டிக்கோங்கம்மான்னேன்."

"எப்போது?"

"ஆடியில. ஆடி வெள்ளிக்குக் கொழுக்கட்டை அவிச்சேன்னு சொன்ன அன்னைக்கு."

என்னிடம் சொல்வதற்கு ஒரு மாதம் முன்னால். ஓராண்டாக அவள் என்னைக் குற்றம் சாட்டியதில் தன்னையும் சேர்த்தே சாட்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்டு எழுதியிருக்க வேண்டிய ஒரு வரலாற்றைக் கேட்காமலே, கோபம் என்று நானும் ஒரே சொல்லில் முடித்து வைத்திருந்தேன்.

"மீனா" என்றேன். "அது என்னவென்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குறை என்னுடையது. அதில் உனக்குப் பங்கு தர மாட்டேன்."

அவள் அழத் தொடங்கினாள். நான் மறிக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை அடங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சனிக்கிழமை காலை ரயிலில் வருவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை வந்தாள்.